நீலச் சட்டை போட்ட இருமல்

போன வாரம் எனக்கு விடாத இருமல். ஒரகடம் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் மருந்து வாசனைக்குப் பதில் காபி வாசனை வந்தது. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆஸ்பத்திரி என்றால் கொஞ்சமாவது ஸ்பிரிட் நெடி அடிக்க வேண்டாமா? கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இன்ஷூரன்ஸா மேடம், கேஷா?”

“அத எதுக்கும்மா மொதல்லயே கேக்கறீங்க?”

“அதுக்கேத்த மாதிரி என்ட்ரி போடணும் மேடம்.”

அதுக்கேத்த மாதிரி என்றாளே, அதைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். எது அதற்கேற்ற மாதிரி மாறும்? எழுதுகிற மாத்திரையா, எடுக்கிற ஸ்கேனா, காட்டுகிற மரியாதையா? என் மகள் பக்கத்தில் இருந்திருந்தால், “ஆரம்பிச்சிட்டியா?” என்றிருப்பாள். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தேதியைப் படித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்த பிறகுதான் நான் பர்ஸைத் திறப்பேன். கடைப் பையன்கள் என்னைக் கண்டாலே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இந்தச் சந்தேக புத்தி எனக்குச் சும்மா வந்துவிடவில்லை. அது வந்த கதை அந்த நாற்காலியிலேயே முழுதாக எனக்குள் ஓடியது. உங்களுக்கும் சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்றில் நான் ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தேன். பிளஸ் டூ முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை. சேரப்பணஞ்சேரியிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ரோட்டின் இரண்டு பக்கமும் அப்போது கழனிதான். கம்பெனி என்று பார்த்தால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அங்கொன்று இங்கொன்று. அதில் வேலை கிடைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் டீக்கடைக்கு வருவார்கள். என் அண்ணன் ஏழுமலையும் அப்படித்தான். பென்னலூர்ப் பக்கம் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவனுக்கு வேலை. இரண்டு நீலச் சட்டை கொடுத்திருந்தார்கள். சட்டைப் பையின்மேல் சிவப்பு நூலில் கம்பெனிப் பெயர் தைத்திருக்கும். அந்தச் சிவப்பு எழுத்தைத் தடவிப் பார்க்க எங்கள் தெருவில் ஒரு கூட்டமே வந்து போனது.

டாக்டரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊரிலும் யாரும் சொன்னதில்லை. கூட்ரோடு டாக்டர் என்றால் போதும். கைராசிக்காரர் என்று பெயர். ஒரே ஓர் அறை, முன்னால் பெஞ்சு போட்ட கூடம், நடுவில் பச்சைத் திரை. பக்கத்துக் கட்டடம் மருந்துக் கடை. அதை நடத்தியவர் டாக்டரின் மனைவியோடு பிறந்த தம்பி. டாக்டர் அறைக்கும் அந்தக் கடைக்கும் நடுவே ஒரு ஜன்னல் இருந்தது. டாக்டருக்குக் காபி அந்த வழியாகத்தான் வரும். காபி மட்டும்தான் வருகிறதா என்று நான் பல நாள் கவனித்திருக்கிறேன்.

டாக்டரிடம் ஒரு வழக்கம். தலையை நிமிர்த்தவே மாட்டார். திரை விலகும் சத்தம் கேட்டதும், மேஜையைப் பார்த்தபடியே முதல் கேள்வி: “கம்பெனியா, கழனியா?”

கம்பெனி என்று பதில் வந்தால், “உக்காருங்க. உடம்புக்கு என்ன?” கழனி என்றால், “உக்காரு. இன்னா பண்ணுது?” ஒரே வாய்தான், ஒரே ஸ்டூல்தான். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் வழி பிரிந்துவிடும். கழனிக்காரனுக்கு மேஜை இழுப்பறை திறக்கும். உள்ளே தகர டப்பாக்கள். வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை, மிளகு அளவில் ஒரு சிவப்பு மாத்திரை. அதிலிருந்து நாலைந்தை எடுத்துப் பழைய காலண்டர் தாளில் மடித்துக் கொடுப்பார். கூடவே ஓர் ஊசி. எல்லாம் சேர்த்து ஐந்து ரூபாய். கம்பெனிக்காரருக்கு இழுப்பறை திறக்காது, பேனா திறக்கும். கேப்ஸ்யூல், சிரப், டானிக், சத்து மாத்திரை என்று சீட்டின் அடி வரை எழுதுவார். பக்கத்துக் கடையில் வாங்கினால் நாற்பதுக்குக் குறையாது. ஆனால் கடையில் பில் கொடுப்பார்கள், பில்லைக் காட்டினால் கம்பெனி பணம் கொடுத்துவிடும். ஆகவே கம்பெனிக்காரர்கள் கவலைப்படுவதில்லை. டானிக் பாட்டிலைப் பெண்டாட்டி குடிப்பாள், சத்து மாத்திரையைப் பிள்ளைகள் தின்னும்.

ஒரு முறை பிள்ளைப்பாக்கத்திலிருந்து அப்பாவும் மகனும் சேர்ந்து வந்தார்கள். ஒரே வீட்டில், ஒரே நாளில் வந்த காய்ச்சல். அப்பா கழனி, மகன் கம்பெனி. அப்பா காலண்டர் பொட்டலத்தோடு வெளியே வந்தார், மகன் கை நிறைய அட்டைகளோடு வந்தான். அடுத்த வாரம் பஸ்ஸில் இரண்டு பேரையும் பார்த்தேன். இருவருமே நன்றாக இருந்தார்கள். ஒரே நாளில்தான் காய்ச்சல் விட்டதாம். எனக்கு அன்றைக்குத்தான் பொறி தட்டியது. அப்படியானால் அந்த முப்பத்தைந்து ரூபாய்க்கு என்ன வேலை? அந்த ஜன்னலுக்கு என்ன வேலை?

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் யார் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் போலீஸ் திறந்து பார்த்தது. ஏன் என்று தமிழ் படிக்கிற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரைப் பார்க்க டை கட்டிய மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் மாதாமாதம் வருவார். அவரை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தி, பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளேயிருந்து ஒரு சுவர்க் கடிகாரம், சூடு ஆறாத பாத்திரங்கள் ஒரு செட், குழந்தைக்கு ரிமோட் கார், எல்லாவற்றிலும் மாத்திரைப் பெயர் அச்சடித்திருந்தது. கடைசியாக அடியிலிருந்து கொஞ்சம் மாத்திரையும் வந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்தோம். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே பையை மூடச் சொல்லிவிட்டார். “இன்னா சார், டாக்டர் பொண்ணுக்குக் கல்யாணமா?” என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார். கடிகாரம் மறுநாள் டாக்டரின் தலைக்கு மேல் மாட்டப்பட்டது.

டாக்டர் கம்பெனிக்காரன் தலையில் மிளகாய் அரைக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். ஆனால் ஊர் கட்டிய முடிவு வேறு. “நமக்கு சுண்ணாம்பு மாத்திரயக் குடுத்து ஏமாத்தறாரு. நல்ல மருந்து கம்பெனிக்காரனுக்குத்தான் போவுது” என்றது ஊர். அட்டையில் மினுங்குகிற மாத்திரைதான் மாத்திரை. டப்பாவில் இருப்பது என்ன எழவோ, யாருக்குத் தெரியும்? இந்தப் பேச்சுக்கு எங்கள் வீட்டில் பெரிய ஆதரவாளர் நைனா. என் அப்பாவைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். யூரியா மூட்டையை வாங்கினால் தெரிந்த கடைத் தராசில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார். ஜோசியரிடம் போய்ச் சொந்த ஜாதகத்தைக் கொடுத்து, “என் மச்சானுது” என்று சொல்லிப் பார்க்கிற ஆள். எனக்கு அந்த புத்தி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சட்டை ஊரைச் சுற்ற ஆரம்பித்தது.

முதலில் வாங்கிப் போனவர் பக்கத்து வீட்டு முனுசாமி. அவருக்கு இடுப்பு வலி. “ஏழுமல, ஒரு நாளைக்கு உன் சட்டயக் குடுப்பா” என்று கேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நான் டோக்கனோடு நிற்கிறேன், அவர் என்னைத் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போகிறார். எனக்கு அந்தச் சட்டை தெரியாதா? மூன்றாவது பொத்தான் விழுந்துபோய் அம்மா கறுப்புப் பொத்தான் வைத்துத் தைத்தது. “கம்பெனி சார்” என்று உள்ளே குரல் கேட்டது. டாக்டர் கண்ணை உயர்த்தினார், ஆனால் சிவப்பு எழுத்து வரைதான். “உக்காருங்க.” முனுசாமிக்கு முதல்முறையாக அட்டை மாத்திரை கிடைத்தது. சொந்தக் காசுதான். நெல் விற்ற காசு. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, லாட்டரி விழுந்தவர் மாதிரி போனார்.

அப்புறம் கேட்கவா வேண்டும்? சட்டைக்கு ஓய்வில்லை. வாங்கிக்கொண்டு போகிறவர்கள் துவைத்து, நீலம் போட்டு, மடித்துத் திருப்பித் தர வேண்டும் என்பது எழுதாத சட்டம். கூடவே நாலு முருங்கைக்காயோ, ஒரு படி வேர்க்கடலையோ வரும். அம்மாவுக்கு இதில் சந்தோஷம். அண்ணனுக்குத்தான் பயம். “என் பேரச் சொல்லாதீங்க, பில்லு கேக்காதீங்க, என் வேலைக்கு ஒல வெச்சிடாதீங்க” என்று ஒவ்வொருவரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் கொடுப்பான். ஒல்லி, குண்டு, கிழவர், விடலை என்று அந்தக் கறுப்புப் பொத்தான் எத்தனை வயிற்றின் மேல் என் முன்னால் போனது என்று எனக்குக் கணக்கில்லை. டாக்டர் ஒரு நாளும் முகத்தைப் பார்க்கவில்லை. இதைப் பார்த்துச் சிரிப்பதா, பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நைனாவுக்கு ஐப்பசி மழையில் இருமல் பிடித்தது. முதலில் பீடி இருமல் என்றார். அப்புறம் மழை இருமல் என்றார். சாயங்காலம் ஆனால் உடம்பு லேசாகக் காயும். அம்மா கஷாயம் வைத்துப் பார்த்தாள். ஒரு நாள் காலையில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிறேன், பெஞ்சிலிருந்து எழுந்து வருகிறது நீலச் சட்டை. கறுப்புப் பொத்தான். மேலே பார்த்தால் நைனா. தலையில் எண்ணெய் வைத்து வாரி, துண்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு. பொத்தான் தெறித்துவிடும் போல வயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது சட்டை. என்னைத் தாண்டும்போது ஒரு கண்ணை மட்டும் லேசாகச் சிமிட்டினார்.

அன்றைக்கு வீட்டில் அவர் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை.

“உக்காருங்கன்னாரு பாப்பா” என்றார். “எத்தினி நாளா இருமுறீங்கன்னு கேட்டாரு. நீங்க, நாங்கன்னு பேசறாரு. இந்தக் கூட்ரோட்டுல இத்தினி வருசமா எவன் என்னை நீங்கன்னு கூப்புட்டிருக்கான்?”

“மருந்து?”

“ராஜ மருந்து!” என்று டானிக் பாட்டிலை ஜன்னலில் வெளிச்சம் படும்படி வைத்தார்.

இங்கே இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். இருமலோடு வருகிற கழனிக்காரர்களிடம் டாக்டர் ஒரு விதமாகப் பேசுவார். எத்தனை நாளாக இருமல் என்று கேட்பார். மூன்று வாரம், ஒரு மாதம் என்று பதில் வந்தால் இழுப்பறையைத் திறக்கவே மாட்டார். “யோவ், கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போ. காலைல எழுந்ததும் வர்ற மொத சளிய டப்பால துப்பிக் குடு. காசு கேக்க மாட்டான். போ, போ” என்று ஒரு துண்டுச் சீட்டை எழுதி நீட்டிவிடுவார். ஐந்து ரூபாய்கூட வாங்க மாட்டார். கூடத்தில் இருக்கிறவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? “பாரு, காசு தேறாதவன கவர்மென்ட்டுக்குத் தொரத்தறாரு.” நானும் அப்படித்தான் நினைத்தேன். இருமுகிறவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் டானிக் வாங்குகிறவன் எழுந்து போய்விடுவான் அல்லவா? அந்தத் துண்டுச் சீட்டை வாசலிலேயே கசக்கிப் போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. மறுநாள் பெருக்கும்போது என் துடைப்பத்தில் வரும்.

கம்பெனிக்காரர் இருமினால் அந்தப் பேச்சே வேறு. “கம்பெனியில சொல்லி ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வந்துடுங்க. அவங்களே அனுப்புவாங்க” என்பார். அவர்களும் எடுத்துக்கொண்டு வருவார்கள். நைனாவிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். திரைக்கு வெளியே என் காதில் விழுந்தது. அன்றைக்கே வீட்டில் கேட்டேன்.

“எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாரே, இன்னா பண்ணப் போற?”

“அது கம்பெனிக்காரனுக்கு” என்றார் நைனா, தானும் அங்கே கம்பெனிக்காரனாகப் போனதை மறந்து. “நமக்கு மருந்து போதும்.”

நண்பரே, எங்கள் நைனா எங்கே போய் மாட்டிக்கொண்டார் என்று பாருங்கள். கழனியென்று சொல்லியிருந்தால் துண்டுச் சீட்டு கிடைத்திருக்கும். நிஜமாகவே கம்பெனி என்றால் எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். அவர் இரண்டு வழிக்கும் நடுவே, கடன் வாங்கிய சட்டையில் நின்றுகொண்டு டானிக் குடித்துக்கொண்டிருந்தார். அப்போது இதெல்லாம் எங்கள் யாருக்கும் புரியவில்லை. மருந்து விலை ஜாஸ்தி, ஆகவே குணமாகிவிடும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

தீர்ந்ததும் மறுபடி போனார். மறுபடி டானிக், மறுபடி கேப்ஸ்யூல். இந்த முறை சட்டை வயிற்றைப் பிடிக்கவில்லை. பொங்கல் கழிந்து மூன்றாவது முறை வந்தபோது கறுப்புப் பொத்தானுக்கு இருபக்கமும் துணி மடிந்து தொங்கியது. சட்டைதான் பெருத்துவிட்டதோ என்று ஒரு கணம் முட்டாள்தனமாக நினைத்தேன். அப்புறம்தான் கழுத்தைப் பார்த்தேன். காலருக்குள் என் நைனாவின் கழுத்து ஆடிக்கொண்டிருந்தது. தினமும் சோறு போடுகிற வீட்டில் யாரும் இதைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு டாக்டர் நல்ல மூடில் இல்லை. காலையிலிருந்து லீவுக்காகச் சர்டிஃபிகேட் கேட்டு வந்தவர்கள் இரண்டு மூன்று பேர். கம்பெனிக்காரர்கள் மேல் அவருக்கும் சந்தேகம் உண்டு. ஓவர்டைம் செய்ய மனமில்லாதவனெல்லாம் வயிற்று வலி என்று வருகிறான் என்பார்.

“எக்ஸ்ரே எங்க?” என்று உள்ளே சத்தம் கேட்டது.

நைனா ஸ்டூலில் நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

“ரெண்டு தடவ சொல்லியாச்சு. எக்ஸ்ரே எடுக்க மாட்டீங்க, மாத்திரை மட்டும் வேணும். லீவு லெட்டர் கேக்கத்தான வந்தீங்க? எந்த டிபார்ட்மென்ட் நீங்க? சூப்பர்வைசர் பேரு சொல்லுங்க, நான் போன் போட்டுக் கேக்கறேன்.”

திரை வழியாகப் பார்த்தேன். நைனா ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டாக்டரின் கை போன் பக்கம் போனது. நைனாவின் வாய் திறந்தது. பொய் சொல்லத்தான் திறந்தார் என்று நினைக்கிறேன். வந்தது இருமல். நிற்கவேயில்லை. துண்டு தோளில் இல்லை என்பதை மறந்து தோளைத் தடவினார், அப்புறம் சட்டைக் கையால் வாயைப் பொத்தினார். கையை எடுத்தபோது நீலத்தில் கறுப்பாக ஏதோ நனைந்திருந்தது. ரத்தம் நீலத் துணியில் கறுப்பாகத்தான் தெரியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நைனா என்னைப் பார்த்தார். சொல்லாதே என்பது மாதிரி தலையை ஆட்டினார். கம்பெனிக்குப் போன் போனால் அண்ணன் வேலை போய்விடும் என்கிற பயமா, ‘உக்காருங்க’ போய்விடும் என்கிற பயமா, எனக்குத் தெரியாது. நான் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

“சார், போன் பண்ணாதீங்க. இவரு எங்க நைனா. கம்பெனி இல்ல. கழனிதான் சார்.”

அப்போதுதான் டாக்டர் தலையை நிமிர்த்தினார். முதலில் என் முகம், அப்புறம் நைனாவின் முகம், அப்புறம் சட்டைக் கை. தலைக்கு மேல் அந்த மாத்திரைக் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“யோவ், மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னய்யா? சாவப் பாத்தியே!” என்று கத்தினார். அந்தத் துண்டுச் சீட்டை எழுதினார். “இப்பவே போ. சாப்பாட்டுக்கு வூட்டுக்குப் போயிட்டு அப்புறம் போறேன்னு சொல்லாத. ஏம்மா, நீ கூடப் போ. இன்னிக்கு டோக்கன் நான் பாத்துக்கறேன்.”

‘உக்காருங்க’வில் மூன்று மாதம் கிடைக்காதது ‘யோவ்’வில் கிடைத்தது. நைனா அந்த யோவைக் கேட்டுத் தலை குனிந்தார். எனக்கு அந்த மனிதரின் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது, சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. முதல் தடவையே நிமிர்ந்து பார்த்திருந்தால் என்ன? ஐம்பதைத் தாண்டிய, காலில் சேற்றுப் புண் உள்ள ஆளை எந்தக் கம்பெனி லைனில் நிறுத்தும் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் என்ன?

டி.பி. என்று கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து இலவசம். அதுதான் அடுத்த சிக்கல். டானிக்குக்கு அத்தனை ரூபாய் கொடுத்த மனிதர், சும்மா கொடுக்கிற மாத்திரையை எப்படி நம்புவார்? “துட்டே வாங்காம குடுக்கறான்னா உள்ள இன்னாவோ கீது” என்றார். அங்கே கொடுத்த ஒரு கேப்ஸ்யூலைச் சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று நர்ஸம்மா சொல்லித்தான் அனுப்பினார். மறுநாள் கொல்லையிலிருந்து நைனா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. “பாத்தியா, சாயத்தக் கலந்து குடுத்துட்டானுங்க!” அப்புறம் அம்மா ஒவ்வொரு நாளும் முன்னால் உட்கார்ந்து, அவர் விழுங்கும் வரை எழுந்திருக்க மாட்டாள். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். அவளுக்கு அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை.

சட்டையைப் பற்றிச் சொல்லவில்லையே. விஷயம் தெரிந்த அன்று அது வேறொருவர் வீட்டில் இல்லை, நைனா உடம்பில்தான் இருந்தது. ஆனாலும் அதைப் போட்டவர்கள் எல்லோருக்கும் கிலி பிடித்துவிட்டது. டி.பி. சட்டையில் ஒட்டாது, மூச்சுக்காற்றில்தான் பரவும் என்று அண்ணன் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். யார் நம்புவார்கள்? முனுசாமி வீட்டில் நைனாவுக்குத் தண்ணீர் கொடுத்த டம்ளரைத் தனியாக வைத்தார்கள். ஒரு விதத்தில் நல்லதும் நடந்தது. பயந்துபோய் ஊரில் இருமிய எல்லோரும் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளி கொடுத்தார்கள். இரண்டு பேருக்கு நோய் இருந்தது, மருந்து சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு பேரும் சட்டை பக்கமே போகாதவர்கள். அம்மா அந்தச் சட்டையைக் கொதிநீரில் போட்டுத் துவைத்தாள். சட்டைக் கையில் இருந்த அந்தக் கறை போகவில்லை. அண்ணன் அதை அப்புறம் போடவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

நைனா தேறினார். மாதங்கள் ஆயின. ஆனால் தேறினார்.

நான் அந்த வேலையில் இன்னும் ஒரு வருஷம் இருந்தேன். டாக்டர் நைனாவைப் பற்றி அடிக்கடி விசாரிப்பார், மேஜையைப் பார்த்தபடியே. அவர் நல்லவரா கெட்டவரா என்று என் மகள் கேட்டிருக்கிறாள். தெரியவில்லை. ஐந்து ரூபாய் மாத்திரைதான் சரியான மருந்து என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் கம்பெனிப் பணம் வராத இடத்தில் அதையே கொடுத்தார். அப்படியானால் மற்றவர்களுக்கு எழுதியது எதற்கு? இருமுகிறவர்களை இலவச மருந்துக்கு அனுப்பியது கருணையா, கூடத்தைக் காலி பண்ணவா? அந்தத் துண்டுச் சீட்டையும், அந்த ஜன்னலையும் ஒரே மனிதரில் எனக்குப் பொருத்திப் பார்க்கத் தெரியவில்லை. நன்றி இருக்கிறது. சந்தேகமும் அப்படியே இருக்கிறது.

பல வருஷம் கழித்து, நைனாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று அதே டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஏ.சி. வந்திருந்தது, பச்சைத் திரைக்குப் பதில் கண்ணாடிக் கதவு. ஒரகடத்தைச் சுற்றி மண்ணெல்லாம் கைமாறிக்கொண்டிருந்த நேரம். எங்கள் கழனியையும் எடுத்துக்கொண்டார்கள். நைனா வேட்டி, துண்டோடு வந்தார். கதவு திறந்த சத்தம் கேட்டதும், தலை முழுக்க நரைத்திருந்த டாக்டர் மேஜையைப் பார்த்தபடியே கேட்டார்.

“கம்பெனியா, கழனியா?”

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்வது என்று நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் சொன்னார்.

“கம்பெனிதான் சார். எங்க கழனி மேலதான் கம்பெனி கட்டிக்கினு கீறாங்க.”

டாக்டர் நிமிர்ந்தார். என் நைனாவின் முகத்தை அவர் பார்த்தது வாழ்க்கையில் அது இரண்டாவது முறை. அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

“உக்காருங்க” என்றார்.

நைனா உட்கார்ந்தார். அன்றைக்கு மார்பை நிமிர்த்தவில்லை.

இப்போது அந்த டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் செல்போன் கடை. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள், தடம் மட்டும் தெரிகிறது. தகர டப்பாவும், காலண்டர் பொட்டலமும் எங்கேயும் கிடையாது. நைனாவும் இல்லை. கண்ணாடி வைத்த இந்தப் புது ஆஸ்பத்திரி எங்கள் கழனியில் கட்டியதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. உள்ளே நுழையும் முன்பே விசாரித்துவிட்டேன். யாரோ வேறு ஒருவருடைய கழனி.

“மேடம், இன்ஷூரன்ஸா, கேஷா? பின்னாடி வெயிட் பண்றாங்க” என்று அந்தப் பெண் மறுபடி கேட்டாள்.

‘கழனி’ என்று நாக்கு வரைக்கும் ஒரு மூன்றாவது பதில் வந்தது. என் நைனாவைக் காப்பாற்றிய பதில். சொன்னால் அந்தப் பெண் எந்தக் கட்டத்தில் டிக் போடுவாள்? எழுந்து போய், கேஷ் என்றேன்.